உருளைக்கிழங்கு ஆராய்ச்சி: தாயகம் நோக்கித் திரும்பிய தேடலின் வரலாறு

முன்னுரை

சங்க நூல்களில் குறிஞ்சி நிலத்து மக்களின் உணவாக வள்ளிக்கிழங்கும் கவலைக்கிழங்கும் பேசப்படுகின்றன. பறம்பு மலையின் வளத்தைக் கூறவந்த கபிலர், உழவர் உழாமலே பெறும் நான்கு பொருள்களுள் வள்ளிக்கிழங்கையும் ஒன்றாக எண்ணுகிறார். அந்நூல்களில் உருளைக்கிழங்குக்கு இடமில்லை, இருத்தலும் இயலாது. அக்காலத்தில் அக்கிழங்கு கடல்களுக்கு அப்பால், தென்னமெரிக்காவின் ஆண்டிய மலைத்தொடரில் மட்டுமே விளைந்து வந்தது. இன்றோ அது தமிழர் வீட்டு அடுக்களையில் நாளும் புழங்கும் பொருள். இவ்வளவு நெருங்கிய ஒரு பொருளைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வது வரலாற்று மாணவர்க்கும் மொழி மாணவர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

உருளைக்கிழங்கு ஆராய்ச்சியின் வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். செடி தன் தாயகத்தை விட்டுப் புறப்பட்டபோது கிழங்கு மட்டுமே கப்பலேறியது. அதன் எண்ணற்ற வகைகளும், அவற்றைப் பேணிய மக்களின் அறிவும் அங்கேயே நின்றுவிட்டன. பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி, விட்டுவந்த அச்செல்வத்தை நாடி மீண்டும் மீண்டும் தாயகம் சென்ற முயற்சியே ஆகும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பிடமும்

பெரு நாட்டின் தென்பகுதியிலும் டிட்டிக்காக்கா ஏரியைச் சூழ்ந்த உயர்நிலத்திலும் வாழ்ந்த மக்கள், ஏறத்தாழ 7,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் காட்டுக் கிழங்கைப் பயிராக்கினர் என்பர் ஆராய்ச்சியாளர். அம்மக்களின் கெச்சுவா மொழியில் இதன் பெயர் 'பாப்பா' என்பது. ஸ்பெயின் நாட்டினர் கரீபியத் தீவுகளில் முன்னரே கண்டிருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பெயர் 'பட்டாட்டா' என்பது. இவ்விரு சொற்களும் மயங்கியதனால் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இன்று வழங்கும் பெயர் பிறந்தது. மராத்தியிலும் குசராத்தியிலும் வழங்கும் 'பட்டாட்டா' என்னும் சொல் போர்த்துக்கீசியர் வழியே வந்தது. பிரெஞ்சுக்காரர் இதனை 'நிலத்து ஆப்பிள்' என்றனர். ஒல்லாந்தரும் அவ்வாறே வழங்கினர். ஒல்லாந்தச் சொல்லே சிங்களத்தில் 'அர்தாபல்' என உருத்திரிந்து நிற்கிறது. செருமானியச் சொல்லோ நிலத்தடியில் விளையும் ஒருவகைக் காளானின் இத்தாலியப் பெயரிலிருந்து தோன்றியது. வடநாட்டில் பிற கிழங்குகட்கு முன்பே வழங்கிய 'ஆலு' என்னும் பழஞ்சொல் இதன்மேல் ஏறிற்று. தமிழர் எந்த அயற்சொல்லையும் ஏற்காமல், வடிவு நோக்கி 'உருளைக்கிழங்கு' எனத் தாமே ஒரு தொடர் அமைத்துக்கொண்டனர்.

இப்பெயர்களுள் பெரும்பாலன தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாததைக் குறிப்பன. தாயகத்தில் வழங்கிய பெயர் பிற நாடுகள் பலவற்றில் நிலைபெறவில்லை. அதனோடு தாயகத்து அறிவும் வழியிலேயே விடுபட்டது. 1597 ஆம் ஆண்டில் வெளியான மூலிகை நூல் ஒன்றில் ஆங்கிலேயரான ஜான் ஜெரார்டு, இச்செடி வட அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து வந்தது என எழுதினார். அது பிழை. ஆயினும் ஒருவர் எழுதியதை மற்றவர் பெயர்த்தெழுதும் வழக்கத்தால் அப்பிழை நெடுங்காலம் உலவியது. ஏட்டுச்சுவடிகளில் ஒருவர் செய்த எழுத்துப்பிழை வழிவழிப் படிகளில் தொடர்வதனை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

சுவிட்சர்லாந்து நாட்டுக் காசுபர் பாகின் என்பவர் 1596 ஆம் ஆண்டில் இச்செடிக்கு 'சொலானம் டியூபரோசம்' என்னும் பெயரை இட்டார். லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் அதனையே ஏற்றார். கத்தரி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி, மணத்தக்காளி ஆகியவற்றோடு இது ஓரினம் என்பதனை அப்பெயர் காட்டியது. எனவே கிழங்கு புதிதாயினும் அதன் சுற்றத்தார் தமிழர்க்குப் பழையோரே.

பயன் பற்றிய ஆராய்ச்சி

1567 ஆம் ஆண்டில் கானரித் தீவுகளிலிருந்து ஆண்ட்வெர்ப்புக்கு உருளைக்கிழங்கு ஏற்றுமதி செய்யப்பட்டதற்கு ஆவணம் உண்டு. 1573 ஆம் ஆண்டில் செவில் நகர மருத்துவமனை ஒன்றின் கணக்கேட்டில் இது வாங்கப்பட்ட குறிப்புக் காணப்படுகிறது. எனினும் ஐரோப்பிய மக்கள் நெடுங்காலம் இதனை ஐயத்தோடே நோக்கினர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டு, அங்கு இக்கிழங்கை உண்டு பழகிய பிரெஞ்சு மருந்தியலார் பார்மென்டியே, இதன் உணவுப் பயனை அறிவியல் முறையில் எடுத்துரைத்தார். உருளைக்கிழங்கை வேதியியல் முறையில் ஆராய்ந்த அவரது நூல் 1773 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

மக்களின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஒளி பட்டுப் பச்சை நிறம் ஏறிய கிழங்கில் 'சொலானின்' என்னும் நச்சுப்பொருள் மிகுகிறது. 1820 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருந்தியலார் ஒருவர் இதனை முதன்முதல் பிரித்தெடுத்தார். அவர் அதனைக் கண்டது உருளைக்கிழங்கில் அன்று. மணத்தக்காளி இனத்துச் செடியின் பழத்தில் ஆகும். பின்னரே அது உருளைக்கிழங்கிலும் உண்டென்பது தெரிந்தது. ஆனால் ஆண்டிய மக்கள் வேதியியல் தோன்றுமுன்னரே இதற்கு வழி கண்டிருந்தனர். கசப்பு மிக்க வகைகளை இரவின் உறைபனியில் பரப்பி வைப்பர். பகலில் கால்களால் மிதித்து நீரைப் போக்குவர். ஓடும் நீரில் ஊறவைத்துப் பின் உலர்த்துவர். இவ்வாறு செய்யப்படும் 'சூன்யோ' பல்லாண்டுகள் கெடாமல் இருக்கும். நச்சு நீக்கலும் உணவுச் சேமிப்பும் ஒரே தொழிலில் அமைந்த திறம் இதுவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கிழங்கின் பயன் உணவுக்கு அப்பாலும் விரிந்தது. 1811 ஆம் ஆண்டில் கிர்க்காஃப் என்னும் வேதியியலார், மாவுச்சத்தைக் கந்தக அமிலத்தோடு கொதிக்கவைத்துச் சர்க்கரைப்பாகு ஆக்கலாம் எனக் கண்டார். உருளைக்கிழங்கின் மாவு நெசவுக்கும் தாளுக்கும் கஞ்சியாகவும் பசையாகவும் பயன்பட்டது. 1881 ஆம் ஆண்டில் ராபர்ட் காக், வேகவைத்து வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டின்மேல் நோய்க்கிருமிகளைத் தனித்தனியே வளர்த்துக் காட்டினார். கிருமிகளை ஒன்றோடொன்று கலவாமல் பிரித்தறியும் முறைக்கு அது ஒரு தொடக்கம். 1907 ஆம் ஆண்டில் லூமியேர் உடன்பிறந்தார் விற்பனைக்குக் கொணர்ந்த வண்ண ஒளிப்படத் தகட்டில், செம்மஞ்சளும் பச்சையும் ஊதாவும் ஏற்றப்பட்ட உருளைக்கிழங்கு மாவுத் துகள்களே வண்ணத்தைப் பிரிக்கும் வடிகட்டிகளாக நின்றன. அடுக்களைக் கிழங்கு ஆய்வுக்கூடத்துக்கும் ஓவியக்கூடத்துக்கும் சென்ற வரலாறு இது.

அயர்லாந்துப் பஞ்சமும் காரணம் பற்றிய வழக்கும்

உருளைக்கிழங்கு பயிராகும் முறையில் கருதத்தக்க ஒன்றுண்டு. இச்செடி பூத்துக் காய்த்து விதையும் தருகிறது. ஆனால் அவ்விதையிலிருந்து முளைக்கும் செடிகள் தாயை ஒத்திரா, ஒவ்வொன்றும் வேறுபடும். ஆகவே உழவர் கிழங்கின் கண்களையே நடுகின்றனர். கண்ணிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியின் படியேயாகும். ஒரு நாடு முழுவதும் ஒரே வகையை நட்டால், அங்குள்ள கோடிக்கணக்கான செடிகளும் உண்மையில் ஒரே செடிதான். அதன் வலிமை யாவற்றுக்கும் வலிமை. அதன் குறை யாவற்றுக்கும் குறை.

இதன் விளைவை 1845 ஆம் ஆண்டில் அயர்லாந்து கண்டது. அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் பெரிதும் உருளைக்கிழங்கையே நம்பி வாழ்ந்தனர். ஏழைகளின் சிறு நிலங்களில் விளைந்தது மிகுதியும் 'லம்பர்' என்னும் ஒரே வகை. அவ்வாண்டு வேனிலில் பெல்ஜியத்தில் தோன்றிய கருகல் நோய், செப்டம்பரில் அயர்லாந்தை எட்டியது. இலைகள் கரிந்தன, கிழங்குகள் மண்ணிலேயே அழுகின. 1841 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 இலட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை, 1851 ஆம் ஆண்டில் 65 இலட்சம் அளவிற்குக் குறைந்தது. பத்து இலட்சம் பேர் அளவில் மாண்டனர். ஏறத்தாழ அத்துணைப் பேர் நாட்டை விட்டு அகன்றனர். நோய் ஒன்றே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. பஞ்சக் காலத்திலும் அயர்லாந்திலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. நிலவுடைமை முறையும் அரசின் கொள்கையும் நோயை மாபெரும் அழிவாக மாற்றின.

இப்பேரழிவின் நடுவே அறிஞரிடையே ஒரு வழக்கு எழுந்தது. அழுகிய இலைகளில் வெண்ணிறப் பூஞ்சை காணப்பட்டது. அது நோயின் காரணமா, அன்றி நோயின் விளைவா என்பதே வினா. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் லிண்ட்லி, மிக்க மழையால் செடி நீர்கொண்டு அழுகியது என்றும், அழுகியதன்மேல் பூஞ்சை பின்னரே படர்ந்தது என்றும் கருதினார். மைல்சு பெர்க்கிலி என்னும் திருச்சபைக் குரு, பூஞ்சைகளை நுணுகி ஆராய்ந்தவர். அவர் 1846 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் பூஞ்சையே நோய்க்குக் காரணம் என வாதிட்டார். பெல்ஜியத்தில் மோரன் என்பவரும் அவ்வாறே கூறியிருந்தார். அப்போது பலர் இதனை ஏற்கவில்லை. நுண்ணுயிர் நோய் உண்டாக்கும் என்னும் கொள்கை மருத்துவத்தில் நிலைபெறுதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அரசு அமைத்த அறிவியல் குழுவில் லிண்ட்லியும் இடம்பெற்றார். கிழங்கை உலரவைக்கவும் காற்றோட்டமாகச் சேமிக்கவும் அக்குழு அறிவுரை கூறியது. அழுகிய கிழங்கைத் துருவி மாவு எடுக்கும் முறையையும் அச்சிட்டு வழங்கியது. காரணம் பிழைபட்டமையால் மருந்தும் பிழைபட்டது. ஆராய்ச்சியில் ஏற்படும் பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதற்கு இஃதொரு சான்று.

வழக்கைத் தீர்த்தவர் செருமானிய அறிஞர் டி பாரி. 1861 ஆம் ஆண்டில் அவர் நலமுள்ள செடிகளுள் சிலவற்றின்மேல் பூஞ்சையின் வித்துக்களை இட்டு, ஏனையவற்றை வாளா விட்டார். இட்டவை கருகின, இடாதவை செழித்தன. அவ்வித்துக்கள் இலைமேல் படிந்த நீரில் நீந்தித் திரியும் நுண்ணுருக்களை வெளிவிடுவதையும் அவர் கண்டார். இதனால் மழைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு விளங்கியது. மழை நோயின் காரணமன்று, நோய்க்கு வாகனம். லிண்ட்லி கண்ட காட்சி உண்மை; அதற்கு அவர் கூறிய விளக்கமே தவறு. 1876 ஆம் ஆண்டில் டி பாரி இவ்வுயிருக்கு 'ஃபைட்டாப்தோரா' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'செடியை அழிப்பது' என்பது இதன் பொருள். இன்றைய அறிவியல் இதனை உண்மைப் பூஞ்சைகளினின்றும் பிரித்து, நீர்ப்பூஞ்சை எனத் தனி வகுப்பில் வைக்கிறது. 1885 ஆம் ஆண்டில் மில்லார்டே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை திராட்சை நோயைத் தடுப்பதை வெளியிட்டார். அதுவே உருளைக்கிழங்குக்கும் காப்பாயிற்று.

தாயகம் நோக்கிய பயணங்கள்

கலவை தெளித்தல் புறக்காப்பு. செடிக்குள்ளேயே எதிர்ப்பாற்றல் அமையவேண்டும் என்ற எண்ணம் ஆராய்ச்சியாளரைத் தாயகம் நோக்கித் திருப்பியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சாலமன் என்பவர், மெக்சிக்கோவின் காட்டினமான 'சொலானம் டெமிசம்' வழியில் கருகலை எதிர்க்கும் ஆற்றல் உண்டெனக் கண்டார். இவரே 1949 ஆம் ஆண்டில் உருளைக்கிழங்கின் வரலாற்றையும் சமூக விளைவையும் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர்.

இத்துறையில் முறையான தேடலைத் தொடங்கியவர் உருசிய அறிஞர் நிக்கலாய் வவிலோவ். ஒரு பயிரின் வகைகள் எங்கே மிகுதியாகச் செறிந்துள்ளனவோ அங்கே அதன் பிறப்பிடத்தைத் தேடவேண்டும் என்பது அவர் கொள்கை. 1925 ஆம் ஆண்டு முதல் அவர் அனுப்பிய புகாசோவ் மெக்சிக்கோ, குவாட்டிமாலா, கொலம்பியா நாடுகளிலும், யூசெப்சுக் பெரு, பொலிவியா, சிலி நாடுகளிலும் கிழங்குகளைத் திரட்டினர். ஐரோப்பியர் அறிந்திருந்தது 48 குரோமோசோம்கள் கொண்ட ஓரினம் மட்டுமே. ஆண்டிய உழவர் வயல்களிலோ 24, 36, 48, 60 எனப் பல எண்ணிக்கை கொண்ட இனங்கள் விளைந்தன. முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பா போற்றி வந்தது ஒரு பெரு நூலின் ஓர் ஏடு மட்டுமே என்பது அப்போதுதான் தெரியவந்தது.

1938 ஆம் ஆண்டில் லெனின்கிராடு சென்று வவிலோவையும் புகாசோவையும் கண்டு கற்ற ஆங்கில இளைஞர் ஜாக் ஹாக்சு, அடுத்த ஆண்டே தென்னமெரிக்காவுக்குச் சென்ற பிரித்தானியக் குழுவில் இடம்பெற்றார். அக்குழு கொணர்ந்தவை பின்னர்க் காமன்வெல்த் உருளைக்கிழங்குத் தொகுப்பாயின.

கிழங்கைக் காத்தோர்

உருளைக்கிழங்குத் தொகுப்பைக் காப்பது நெல்விதையைக் காப்பது போன்றதன்று. கிழங்கு ஓராண்டுக்கு மேல் உறங்காது. அக்காலத்தில் ஒவ்வொரு வகையையும் ஆண்டுதோறும் நட்டு, அகழ்ந்து, மீண்டும் நட்டே காத்தல் வேண்டும். பனையோலை சிதையுமுன் படியெடுத்தால் அன்றி நூல் நிலைக்காது. உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர் தேடி அலைந்த ஏடுகள், பெயர் தெரியாத பலர் தலைமுறைதோறும் படியெடுத்ததனால் எஞ்சியவை. கிழங்கின் நிலையும் அதுவே. ஓராண்டு நடாது விட்டால் ஒரு வகை என்றென்றைக்கும் மறையும்.

1941 ஆம் ஆண்டு செப்டம்பரில் செருமானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. வவிலோவின் நிறுவனத்துக்குரிய உருளைக்கிழங்கு வயல்கள் நகருக்கு வெளியே பாவ்லோவ்சுக்கில் இருந்தன. போர்முனை நெருங்கிய வேளையில் காமெராசு, வொசுக்ரெசென்சுகயா என்னும் இருவரும் குண்டுகளுக்கிடையே கிழங்குகளை அகழ்ந்து நகருக்குக் கொணர்ந்தனர். நிலவறையில் அவை உறைபனியால் கெடாதிருக்க, கிடைத்தவற்றை எல்லாம் எரித்துச் சூடேற்றினர். லெக்னோவிச் என்பவரும் காவலில் துணைநின்றார். நகரில் இலட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தனர். நிறுவனத்தாருள்ளும் பலர் மாண்டனர்; நெல் தொகுப்பின் காவலர் இவானோவ் தம்மைச் சுற்றி நெல் இருக்கப் பசியால் இறந்தார். கிழங்குகளை எவரும் உண்ணவில்லை.

இத்தொகுப்பை உருவாக்கிய வவிலோவ் அப்போது அங்கில்லை. மரபியலை மறுத்த லைசென்கோவின் செல்வாக்கு ஓங்கிய காலத்தில், 1940 ஆம் ஆண்டு ஆகத்தில் அவர் சிறைப்படுத்தப்பட்டார். 1943 ஆம் ஆண்டு சனவரியில் சராத்தோவ் சிறையில் உணவின்றி நலிந்து உயிர்நீத்தார். உலகின் பசி தீர்க்கும் வித்துக்களைத் தேடியவர் பசியால் இறந்தது அறிவியல் வரலாற்றின் ஆறாத் துயரங்களுள் ஒன்று. 1955 ஆம் ஆண்டில் அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் நீக்கப்பட்டது.

குடந்தையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும்

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் பங்குண்டு. 1925 ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் நெல், கோதுமை ஆராய்ச்சியால் உலகறியப்பட்டவர். ஆயின் அவரது தொடக்க ஆராய்ச்சி உருளைக்கிழங்கைப் பற்றியதே. 1949 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு வாகனிங்கனில் தொடங்கி, கேம்பிரிட்சில் சொலானம் இனங்களின் குரோமோசோம் பெருக்கத்தை ஆராய்ந்து 1952 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்தில், உறைபனியைத் தாங்கும் 'சொலானம் அக்காலே' என்னும் ஆண்டியக் காட்டினத்தின் ஆற்றலைப் பயிர்வகைக்கு ஏற்றும் பணியில் ஈடுபட்டார். 'அலாசுகா ஃப்ராசுட்லெஸ்' என்னும் வகை அதன் பயன்.

நீலகிரியில் உருளைக்கிழங்கு 1820களில், கோயம்புத்தூர் ஆட்சித்தலைவர் ஜான் சலிவன் காலத்தில் நடப்பட்டது. அம்மலையின் குளிர்ந்த தட்பவெப்பத்தில் நீர்ப்போகம், கார்ப்போகம், கடைப்போகம் என ஆண்டில் மூன்று போகம் விளையும் பயிராக அது வளர்ந்தது. 1949 ஆம் ஆண்டில் பாட்னாவில் நிறுவப்பட்ட நடுவண் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1956 ஆம் ஆண்டில் சிம்லாவுக்கு மாறியது. அதன் நிலையம் ஒன்று 1957 ஆம் ஆண்டில் உதகையை அடுத்த முத்தொரையில் அமைந்தது.

1961 ஆம் ஆண்டில் ஜோன்சு என்னும் ஆங்கில அறிஞர் உதகை வயல்களில் ஒரு நூற்புழுவைக் கண்டறிந்தார். இதுவும் ஆண்டிய மலையில் தோன்றியதே. இறந்த பெண்புழுவின் உடல் நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பொதிந்த கூடாக மாறிப் பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும்; அருகில் உருளைக்கிழங்கின் வேர் வந்தவுடன் முட்டை பொரியும். பிற இடங்களுக்குப் பரவாதிருக்க 1971 ஆம் ஆண்டில் நீலகிரி விதைக்கிழங்கு வெளிச்செல்லத் தடை விதிக்கப்பட்டது. இங்கும் தீர்வு தாயகத்திலிருந்தே வந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்லன்பி என்பவர், காமன்வெல்த் தொகுப்பில் இருந்த ஆண்டிய வகைகளை ஆராய்ந்து, சில வகைகளுக்கு இப்புழுவை எதிர்க்கும் ஆற்றல் உண்டெனக் காட்டியிருந்தார். அவ்வாறே தென்னமெரிக்க இனங்களின் வழிவந்த எதிர்ப்பாற்றலைக் கொண்டு 1985 ஆம் ஆண்டில் 'குஃப்ரி சுவர்ணா' என்னும் வகை நீலகிரி உழவர்க்கு வழங்கப்பட்டது. பகை எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே துணையும் வந்தது.

அண்மைக்கால ஆராய்ச்சி

பகைவனும் தாயகத்தில் வகைவகையாக இருப்பான் என்பதனை மெக்சிக்கோ கற்பித்தது. அங்குள்ள தொலூக்கா பள்ளத்தாக்கில் நீடெர்ஹாசர் முதலியோர் 1950களில் செய்த ஆராய்ச்சியால், கருகல் உயிரின் இருபாற் பிரிவுகளும் அங்கே கூடிப் புதுப்புது வடிவங்களைத் தோற்றுவித்தல் தெரிந்தது. பிற நாடுகளில் நெடுங்காலம் ஒரு பிரிவே இருந்தது. 1980களில் மற்றதும் ஐரோப்பாவில் காணப்பட்டது. சொலானம் டெமிசத்தினின்று பெற்ற தனி மரபணுக்களின் காப்பு ஒன்றன்பின் ஒன்றாக முறிந்ததன் காரணம் இவ்வுயிரின் மாறும் திறனே ஆகும். 2003 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் மற்றொரு காட்டினத்தில் பரந்த எதிர்ப்பாற்றல் தரும் மரபணு ஒன்று கண்டறியப்பட்டது.

2011 ஆம் ஆண்டில் பல நாட்டு அறிஞர் கூடி உருளைக்கிழங்கின் மரபணுத் தொகுதியை வெளியிட்டனர். 39,000க்கு மேற்பட்ட மரபணுக்கள் அதில் எண்ணப்பட்டன. 2013 ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்த நோயுற்ற இலைகளை ஆராய்ந்து, அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான கருகல் மரபு இன்னதெனத் தெளிந்தனர். எவரோ ஒருவர் கருகிய இலையைப் பொருளெனப் போற்றி வைத்ததனால் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் விடை கிடைத்தது. 2025 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காளியின் முன்னோரும் கிழங்கில்லாத மற்றோர் இனமும் இயற்கையில் கலந்ததனாலேயே உருளைக்கிழங்கு மரபு தோன்றியது எனக் காட்டியது. குழம்பில் கூடும் இரண்டும் குருதியிலும் உறவுடையவை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, ஒரே வகையை நாடெங்கும் நடுதல் விளைச்சலுக்கு எளிது, இடருக்கும் எளிது. இரண்டாவது, கருகலுக்கும் நூற்புழுவுக்கும் உறைபனிக்கும் எதிராக ஆராய்ச்சியாளர் செடிக்குள் அமைத்த காப்பு பெரும்பாலும் அவர்கள் புதிதாகப் படைத்ததன்று. தாயகத்து இனங்களிடமிருந்து பெற்றது. மூன்றாவது, அவ்வினங்களுள் பயிரானவை தாமே நிலைத்தவை அல்ல. ஆண்டிய உழவர் ஆண்டுதோறும் நட்டுப் பேணியதனால் நிலைத்தவை.

1971 ஆம் ஆண்டில் பெரு நாட்டு லிமாவில் நிறுவப்பட்ட பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம், 4,000க்கு மேற்பட்ட நாட்டு வகைகளை இன்று சோதனைக்குழாய்களிலும் காத்து வருகிறது. 2004 ஆம் ஆண்டில் அம்மையம், குசுக்கோ அருகே 'உருளைக்கிழங்குப் பூங்கா' என்னும் பெயரில் ஒன்றுபட்ட ஆறு கெச்சுவா ஊர்களோடு ஓர் உடன்பாடு செய்தது. அவ்வூரார் முன்னோரிடமிருந்து திரட்டப்பட்டவற்றுள் நூற்றுக்கணக்கான வகைகள் நோய் நீக்கப்பட்டு அவர்களிடமே திரும்பின. தாயகம் நோக்கிச் சென்ற ஆராய்ச்சி அதுகாறும் பெற்றுக்கொள்ளவே சென்றது; இம்முறை கொடுக்கச் சென்றது.

அயர்லாந்தில் மாண்டோர் எண்ணிக்கையை வரலாறு குறித்துவைத்துள்ளது. ஏழாயிரம் ஆண்டுகளாக இக்கிழங்கைக் கண் கண்ணாக நட்டுக் காத்தோர் பெயர்களை எந்த ஏடும் குறிக்கவில்லை. உருளைக்கிழங்கின் வரலாற்றை எழுதுவோர் பாகின், டி பாரி, வவிலோவ் ஆகியோருக்கு முன்னர் அப்பெயரறியா உழவரை வைத்தே தொடங்குதல் முறையாகும்.